தினம் மூன்று சொட்டு

அத்தியாயம் 17

மணியன் வீட்டில் நாற்பத்தைந்து நாளாக இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று ஜெல்டான் கட்சி, இன்னொன்று மொராக்ஸ் கட்சி. இரண்டும் கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனிகளின் பெயர்கள். எடப்பாடி என்று ஓர் ஊர் இருப்பது அந்தக் கம்பெனிகளுக்குத் தெரியாது. ஆனால் எடப்பாடியில் அவற்றுக்காக மாப்பிள்ளையும் மச்சினனும் ஒரே பந்தியில் உட்காராத அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

ஜெல்டான் கட்சி மகன் குமரனுடையது. தங்கை நர்மதாவுக்கு அந்த லேப்டாப்பைச் சேலத்துக்குப் போய், பூசணிக்காய் வாங்குகிறவனைப் போல நாலு பக்கமும் தட்டிப் பார்த்து வாங்கி வந்தவன் அவன்தான். மொராக்ஸ் கட்சி குமாரபாளையத்து மூத்த மாப்பிள்ளை தண்டாயுதபாணியுடையது. அவருடைய மொராக்ஸ் ஒரு முறை நின்றுபோனபோது, சொன்ன மறுநாளே ஓர் ஆள் வீடு தேடி வந்தான். செருப்பை வாசலில் விட்டான். 'சார்' என்று பதினெட்டு முறை சொன்னான். மாப்பிள்ளை எண்ணியிருக்கிறார்.

நர்மதா எந்தக் கட்சியும் இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்ட அறுபத்தொரு சேலை டிசைன்கள்.

ராசிபுரத்துப் புருஷன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் நோட்டில் வரைந்து வைத்திருந்த சேலைப் பூக்களை அந்தப் புருஷன் வெந்நீர் அடுப்பில் வைத்த அன்று கிளம்பி வந்தவள். வந்த பிறகு காகிதத்தை நம்பாமல் கம்ப்யூட்டரில் வரைந்தாள். ஒன்றரை வருஷத்தில் பார்டரும் முந்தியுமாக அறுபத்தொன்று. இளம்பிள்ளையில் ஒரு சேலை உற்பத்திக்காரர் அத்தனையையும் பார்க்கிறேன், பிடித்தால் என்னிடமே டிசைனராக இருந்துகொள் என்று சொன்ன வாரத்தில், ஜெல்டான் ஒரு முறை இருமிவிட்டு அணைந்தது.

நகல் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதைக் குமரன் காரில் போட எடுத்துப் போய், உள்ளே இருந்ததை அழித்துவிட்டு நூற்றெட்டு முருகன் பாட்டு ஏற்றிவிட்டான். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. முருகன் விஷயம்.

சேலத்து ஜெல்டான் சர்வீஸ் சென்டர், உள்ளே எண்ணெய் போயிருக்கிறது, ஆகவே வாரண்டி கிடையாது என்றது. 'எண்ணெய் எங்களால்தான் போனது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சலுகையாக, உள்ளே இருக்கும் டிசைன்களை மட்டும் சென்னைக்கு அனுப்பி எடுத்துத் தரப் பார்ப்பார்கள். கையெழுத்து இல்லையென்றால் பெட்டியைத் தொடமாட்டார்கள். நாற்பத்தைந்து நாள் பார்த்துவிட்டு, செத்தது செத்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நர்மதா, ஊற்றாத எண்ணெயை ஊற்றினேன் என்று எழுத மாட்டேன் என்றாள். எண்ணெய்க்கு ஆதாரமாக அவர்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது வேறு யாருடைய கம்ப்யூட்டரோ என்றாள். என் கண் முன்னால் திறந்து காட்டுங்கள் என்று பதினான்கு மெயில் எழுதினாள். போன வாரம்தான் சரி, வந்து பாருங்கள் என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனும் தங்கையும் போட்டுக்கொண்ட பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். தப்பு கம்பெனியுடையது என்றால் குமரன் இனி ராசிபுரத்தின் பேரையே எடுக்கக் கூடாது. தப்பு வீட்டுப் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்துக்காரர்கள் பேச வருவார்கள். நர்மதா எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். அவளுடைய அறை, குமரன் தறிக்குப் பாவு நூல் அடுக்கிவைக்கும் இடமாகிவிடும். கோபத்தில் அவளும் சரி என்றுவிட்டாள். சாட்சி, மூத்த மாப்பிள்ளை.

அந்த நாற்பத்தைந்தாவது நாள் இந்தப் புதன்கிழமை.

*

சாட்சி காலை ஏழு மணிக்கே குமாரபாளையத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். கையில் அவருடைய மொராக்ஸ். அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் வேலைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல அவர் அதை எங்கும் கொண்டுபோவார்.

இட்லிக்கு முன்னாலேயே விவாதம் தொடங்கிவிட்டது. ஒரு பொருளை விற்ற பிறகு வாங்கினவனை மனுஷனாக மதிக்கிற கம்பெனிதான் கம்பெனி என்பது மாப்பிள்ளையின் கட்சி. பொருள் நன்றாக இருந்தால் சர்வீஸே தேவைப்படாது, அடிக்கடி வீட்டுக்கு வருகிறான் என்றால் அடிக்கடி கெட்டுப்போகிறது என்று அர்த்தம் என்பது குமரன் கட்சி. மொராக்ஸ் ஆள் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்ததை மாப்பிள்ளை மறுபடி சொன்னார். ஜெல்டானின் மேல்மூடி ஒரே அலுமினியத் தகட்டில் அடித்தது என்பதைக் குமரன் மறுபடி சொன்னான்.

"டம்ளரக் கழுவுனவன், கையோட உங்க கம்ப்யூட்டரையும் கழுவிட்டுப் போனானே, அதச் சொல்லுங்க மச்சான்" என்றான் குமரன்.

அது உண்மைதான். அந்த மரியாதைக்காரன் எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டேன் சார் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு பார்த்தால், மாப்பிள்ளை மகளின் மொட்டையும் காதுகுத்தும் காணோம். முந்நூறு போட்டோ.

"போட்டோ போனாப் போகுது குமரா. மரியாதை இருந்துச்சில்ல."

"அப்பப் புள்ளைக்கு மறுக்காவும் மொட்டையடிச்சிருவீங்களா?"

மணியன் பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அறுபத்தாறு வயது, பன்னிரண்டு தறி, அவற்றையெல்லாம் மீறிக் கேட்கிற குரல். ஜெல்டானைத் திட்டுவதில் எடப்பாடி வட்டாரத்தில் அவருக்கு ஈடு கிடையாது. ஒரு நாள் கம்பெனிக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை; சங்கீதம் மட்டும் வந்தது. போனை மாட்டுக்கொட்டகைச் சுவரில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்றே முக்கால் மணி நேரம் சங்கீதம். அன்றிலிருந்து அவர் மனைவி அங்கம்மாளின் எருமை அது இல்லாமல் பால் சுரப்பதில்லை. தினமும் விடியற்காலையில் ஜெல்டானுக்குப் போன் போட்டுத்தான் கறக்கிறார்கள். ஒரே ஒரு நாள் யாரோ சட்டென்று எடுத்துப் பேசிவிட்டார்கள். அன்று வீட்டில் காபி கிடையாது.

இதை அவர் டீக்கடையில் சொல்லிச் சொல்லி, கொங்கணாபுரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் இந்தப் புதன்கிழமை காலையில் அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைகூடக் கவனித்துவிட்டு, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நர்மதா மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். பையில் வாரண்டி அட்டை, பில், பதினான்கு மெயில்களின் அச்சுப் பிரதி. சேலை மடிப்புக் கலையாமல், பரீட்சைக்குப் போகிறவளைப் போல இருந்தாள்.

"ஜெல்டான்காரன் மரியாதை தரமாட்டான், ஒத்துக்கறேன். ஆனாப் பொய் சொல்லமாட்டான்" என்றான் குமரன், அவள் காதில் விழும்படி. "எண்ணெய்ன்னு சொன்னா எண்ணெய்தான்."

நர்மதா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நீ அவனுக்கு அண்ணனா, எனக்கா?"

அங்கம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"வாங்கப்பா. எட்டு பத்து பஸ்ஸு போயிரும்."

"வாரேன் சாமி" என்றார் மணியன்.

*

மணியனின் காதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பன்னிரண்டு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினால்கூட மற்றவனுக்குக் கேட்காது. அந்த இரைச்சலில் எட்டாம் தறியில் ஒரு போல்ட்டு கால் சுற்றுத் தளர்ந்தால் மணியன் எழுந்து போவார். ஒரு முறை, சங்ககிரி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்குப் பின்சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது என்று எடப்பாடியில் கட்டிலில் படுத்தபடியே சொன்னார். பவானி தாண்டி லாரி நின்றுபோனதும் டிரைவர் போன் செய்து ஒப்புக்கொண்டார். டிரைவருக்கு இவர் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட காதில், ஆடிக் கடைசியில் ஒரு காலை, மகள் அறையிலிருந்து ஒரு கிரீச்சொலி விழுந்தது. லேப்டாப்பின் காற்றாடி. பக்கத்துத் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி உள்ளே போய் அது முனகிக்கொண்டிருந்தது. நர்மதா குளிக்கப் போயிருந்தாள்.

கத்துகிற இரும்புக்குத் தறிக்காரன் என்ன செய்வானோ அதைத்தான் மணியன் செய்தார். மூக்கு நீண்ட எண்ணெய்க் கேனை எடுத்து வந்தார். காற்று போகிற இடுக்குகளைக் கண்டுபிடித்தார். மூன்று சொட்டு விட்டார். அவர் கை எப்போதும் மூன்றுதான் விடும். ஒன்று தறிக்கு, ஒன்று நூலுக்கு, ஒன்று சாமிக்கு.

சத்தம் நின்றது. மகளுக்கு ஓர் உபகாரம் செய்தோம் என்று சந்தோஷமாகப் போய்விட்டார். மறுநாள் சத்தம் மறுபடி கேட்டது. மறுபடி மூன்று. எட்டு நாள் இப்படி. வசதிக்காக, கேனை மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டார். ஒன்பதாம் நாள் சத்தம் ஒரேயடியாக நின்றுவிட்டது.

சர்வீஸ் சென்டர் எண்ணெய் என்று சொன்ன அன்றே அவருக்கு விளங்கிவிட்டது. அன்று சொல்லியிருக்கலாம். குமரன் கத்திக்கொண்டிருந்தான், ஓயட்டும் என்று விட்டார். மறுநாள் சொல்லலாம் என்றால், அதற்குள் டீக்கடையில் கம்பெனிக்காரனைத் திட்டியாகிவிட்டது. பத்தாம் நாள் கொங்கணாபுரத்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இருபதாம் நாள், கம்பெனிக்காரனே எண்ணெய் ஊற்றியிருப்பான் என்று அவரே பாதி நம்பிவிட்டார். பிறகு பந்தயம் வந்தது. இனிமேல் சொன்னால் மகளுக்கு அறுபத்தொரு டிசைனும் கிடைக்கும். கூடவே ராசிபுரமும் கிடைக்கும்.

பஸ்ஸில் நர்மதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொங்கணாபுரம் தாண்டியதும் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஜெயிக்கோணும்னுகூட இல்லீங்க. நான் சொன்னது நெசம்னு ஒருத்தராவது ஒத்துக்கோணும். அவ்வளவுதான்."

மணியன் கண்டக்டரைத் தேடிக்கொண்டிருந்தார். டிக்கெட் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தது.

*

ஐந்து ரோட்டுப் பக்கம், மாடியில் ஜெல்டான் சர்வீஸ் சென்டர். சாலைக்கு எதிர்ப்புறம், தரைத்தளத்திலேயே மொராக்ஸ் சென்டர். அங்கே மெத்தை நாற்காலி, வருகிறவர்களுக்கெல்லாம் மோர். இங்கே டோக்கன். நிற்பதற்கு இடம்.

இங்கே நிற்பவர்கள் கண்ணாடி வழியாக எதிரே மோர் குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசையில் மணியனுக்கு முன்னால் ஒரு வாழப்பாடிக்காரர் இருந்தார். அவர் இரண்டு கம்பெனியையும் பார்த்தவர். மொராக்ஸ்காரன் மோர் கொடுத்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டான், கடைசி வரை கோளாறு என்னவென்று சொல்லவில்லை, முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது என்றார். அதனால்தான் அடுத்தது ஜெல்டான் வாங்கினாராம். இங்கே கோளாறு என்ன என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள், கோளாறு அவர்தானாம்.

சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டடத்தில் சிரித்த முகம் அது ஒன்றுதான்.

பதினொன்றரைக்கு அழைத்தார்கள். கவுண்டரில் சௌந்தர்யா என்ற பெண். இருபத்தைந்து வயது இருக்கும், தொண்டை கட்டியிருந்தது. நாற்பத்தைந்து நாளாக நர்மதாவுக்குப் பதில் எழுதியவள் அவள்தான். பின்னாலிருந்து சந்தோஷ்குமார் என்ற டெக்னீஷியன் ஒரு நீலத் தட்டில் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். மேலே ஒட்டியிருந்த சீட்டில் நர்மதாவின் பெயரும் நம்பரும் இருந்தன. அவளே சரிபார்த்தாள். மூடியின் ஓரத்தில் அவள் கீறி வைத்திருந்த சிறிய அன்னப்பறவையும் இருந்தது. வேறு யாருடையதும் இல்லை.

"தொறங்க" என்றாள்.

அவன் பத்துத் திருகாணிகளைக் கழற்றி வரிசையாக வைத்தான். அடித்தகட்டை நெம்பித் தூக்கினான்.

முதலில் வந்தது வாசனை.

நர்மதா குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். அது கம்ப்யூட்டர் வாசனை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிக்கு அடியில் ஊர்ந்து விளையாடிய நாளிலிருந்து அவள் மூக்கில் இருக்கிற வாசனை. தறி எண்ணெயும் பஞ்சும் ஒன்றாகக் கலந்து, சூட்டில் வெந்து, கறுப்புக் கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும் ஓர் அழுக்கு உண்டு. சனிக்கிழமைதோறும் குச்சியால் சுரண்டி எடுப்பார்கள். அது அந்தக் காற்றாடியைச் சுற்றி அப்பியிருந்தது.

சந்தோஷ்குமார் பேனா முனையால் காட்டினான். காற்று போகிற இடுக்குகளில் மூன்றில் மட்டும் கறை. மற்ற இடுக்குகள் சுத்தம்.

"தெரியாமக் கொட்டியிருந்தா பரவலா இருக்கும் மேடம். இது அளந்து விட்ட மாதிரி இருக்கு. மூணே மூணு எடம். பல தடவ விட்டிருக்காங்க."

நர்மதா அந்த மூன்று கறைகளையும் பார்த்தாள். ஒன்று தறிக்கு. ஒன்று நூலுக்கு. ஒன்று சாமிக்கு.

மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

மணியன் சுவரில் சிரிக்கிற வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் தறியின் போல்ட்டு தளர்வதைக் கேட்கிற காது, மகள் தன் பக்கம் திரும்பியதைக் கேட்காமல் இருக்குமா. கேட்டது. திரும்பவில்லை.

சௌந்தர்யா அந்தப் படிவத்தை எடுத்து வைத்தாள். இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்து இருந்தால் சென்னைக்குப் போகும், இல்லையென்றால் கட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். குரலில் அதட்டல் இல்லை. கரகரப்பு மட்டும்தான்.

மணியன் அப்போதுதான் வாயைத் திறந்தார். நாற்பத்தைந்து நாள் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வரப்போகிறது என்று நர்மதா ஒரு கணம் நினைத்தாள்.

"ஏனுங்க அம்மிணி, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?"

"கேன் தீந்துபோச்சுங்க ஐயா. எதிர்ல மொராக்ஸ்ல கேளுங்க. மோரே குடுப்பாங்க."

அவர் போய்விட்டார். படி இறங்கி, சாலையைக் கடந்து, நாற்பத்தைந்து நாள் மாப்பிள்ளையோடு சேர்ந்துகொண்டு புகழ்ந்த கம்பெனியின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக நர்மதா பார்த்தாள். ஒரு டம்ளர் வாங்கினார். பிறகு இன்னொன்று.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எண்ணெய் எவ்வாறு உள்ளே சென்றது, யாரால்?

நர்மதா பேனாவை வாங்கி எழுதினாள்: 'காற்றாடி சத்தம் போட்டது. எண்ணெய் விட்டால் நிற்கும் என்று நினைத்து நான்தான் விட்டேன்.' கீழே பெயர், தேதி.

சௌந்தர்யா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், நாப்பத்தஞ்சு நாளா நீங்க விடலைன்னு சொன்னீங்க. பதினாலு மெயில் போட்டீங்க. ஒண்ணுல என்னையப் பொய்க்காரின்னுகூட எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க" என்றாள் நர்மதா. "மன்னிச்சுக்குங்க. மறந்து போச்சு."

சௌந்தர்யா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எதிரே இரண்டாவது டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற கிழவரை ஒரு முறை பார்த்தாள். பத்து நாள் ஆகும், எடுக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லி, முத்திரை குத்தி நகலைக் கொடுத்தாள்.

*

சேலம் பஸ் ஸ்டாண்டில் மணியன் மகளுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். சின்ன வயதில் அவளுக்கு அது உயிர். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தின்னவில்லை. தட்டுவடைக்கு நடுவில் வைத்த பீட்ரூட் துருவலின் சாயம் காகிதத்தில் இறங்கி, மஞ்சள் பையில் இறங்கி, பதினான்கு மெயில்களிலும் இறங்கியது.

தாரமங்கலத்துக்காரர் ஒருவர் பக்கத்து சீட்டில் கொஞ்ச தூரம் வந்தார். அவர் இறங்கியதும் மணியன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மிணி, அந்தக் காத்தாடி கத்துச்சு பாரு..."

"டிக்கெட்டு பத்திரமா வெச்சிருக்கறீங்களாப்பா?"

அவர் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நீங்க ஊட்டுல இருக்க வேண்டாங்கப்பா. டீக்கடைக்குப் போயிருங்க. அங்கதான் நீங்க நல்லாப் பேசுவீங்க."

அதற்குப் பிறகு எடப்பாடி வரும் வரை மணியன் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். இடது பின்சக்கரத்தில் ஏதோ தேய்ந்திருந்தது. மணியன் டிரைவரிடம் சொல்லவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. சாட்சிக்கும் பசி, ஆனால் தீர்ப்பு தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது என்று மொராக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கம்மாள் எல்லோருக்கும் ஒன்றாகத் தட்டுப் போட்டாள். குமரன் முதல் கவளம் எடுப்பதற்குள் கேட்டுவிட்டான்.

"என்ன சொன்னான்?"

நர்மதா முத்திரை குத்திய காகிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குமரன் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான். ஜெயித்த முகமாக இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு வேறு ஏதோ முகம் வந்தது. அதைச் சீக்கிரம் மாற்றிக்கொண்டான்.

"நீயா விட்ட?"

"நான்தான்."

"அப்ப நாப்பத்தஞ்சு நாளா...?"

"எழுதியிருக்குதில்ல. படி."

தண்டாயுதபாணி காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மொராக்ஸ்காரனாக இருந்தால் இப்படி ஒரு பெண்பிள்ளையிடம் எழுதி வாங்கியிருக்கமாட்டான், கௌரவமாக நடந்துகொண்டிருப்பான் என்றார். அவன் கேட்காமலேயே எல்லாவற்றையும் அழித்திருப்பான் என்றான் குமரன். ஆனாலும் 'சார்' என்று சொல்லித்தான் அழித்திருப்பான் என்றார் மாப்பிள்ளை. இருவரும் இன்னும் கொஞ்சம் பேசினார்கள். இரண்டு கம்பெனிகளில் எது நல்ல கம்பெனி என்பது அன்றும் முடிவாகவில்லை.

"நான் சொன்னேனில்ல" என்றான் குமரன் கடைசியில், தங்கையைப் பார்க்காமல். "கம்பெனிக்காரன் பொய் சொல்லமாட்டான்னு."

"சொல்லல" என்றாள் நர்மதா. "அவன் ஒருத்தன்தான் சொல்லல."

மணியன் ரசத்தை ஊற்றிக்கொண்டு பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்ததுதான்.

குமரன் இடது கையால் போனை எடுத்தான். பந்தயம் பந்தயம்தான் என்றான். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் நல்ல நேரம் என்றான். சாட்சி தலையாட்டினார். போன் ராசிபுரத்துக்கு மணியடிக்கத் தொடங்கியது; ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. நர்மதா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து போகக்கூடாது என்பது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். அவள் இன்றைக்கே பழகிக்கொண்டிருந்தாள்.

மணியனுக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி கொண்டா" என்றார்.

அங்கம்மாள் உள்ளே போனாள். சொம்பு அடுப்படித் திட்டிலேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தபடி வந்தாள். மணியனின் தட்டுக்கு முன்னால், சொம்பு வைக்கிற இடத்தில், மூக்கு நீண்ட எண்ணெய்க் கேனை வைத்தாள். தலைப்பில் கறுப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது.

"இதாங்க இருக்குது" என்றாள். "அவ மேசைக்கடியில இருந்து எடுத்து வெச்சது."

தண்டாயுதபாணி வாயருகே போன கையை இறக்கினார். குமரன் கேனைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

நர்மதா மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கடியிலிருந்து எடுத்து வைத்தது என்றால், என்றைக்கு எடுத்தது. நாற்பத்தைந்து நாளில் எத்தனை முறை அரிசி அளக்கப் போயிருப்பாள்.

அங்கம்மாள் அந்தப் பார்வையைத் தாங்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க, குமரனுங்களா, சொல்லுங்க" என்றது ராசிபுரத்துக் குரல், ஸ்பீக்கரில், நல்ல சேதிக்குக் காத்திருக்கிற மரியாதையோடு.